மலைக்கு மட்டும் நாள் குறிக்காதீர்கள்!

வாசகர் கேள்வி – பதில்: பனிக்கால ஆல்ப்ஸ் பயணம்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே கேள்வி பல கடிதங்களில் இருந்ததால், ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

டிசம்பர் 22 முதல் ஜனவரி 2 வரை ஐந்து பேர் போகிறோம். சூரிக், இன்டர்லாக்கன், செர்மாட், இன்ஸ்ப்ரூக், சால்ஸ்பர்க், மியூனிக், பாரிஸ் என்று ஏழு ஊர் போட்டிருக்கிறோம். யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் டிக்கெட்டை டிசம்பர் 24-க்கு இப்போதே வாங்கிவிடலாமா? – ஈரோடு வாசகர்

வாங்காதீர்கள். அதற்கு முன் அந்த ஊர்ப் பட்டியலைப் பாதியாக்குங்கள். டிசம்பர் கடைசியில் சூரிக்கில் விடியவே காலை 8.10 ஆகிவிடும், மாலை 4.40-க்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மலைப் பள்ளத்தாக்கில் வெயில் அதற்கும் வெகு முன்னதாகவே முகட்டுக்குப் பின்னால் போய்விடும். கையில் இருப்பது எட்டரை மணி நேரப் பகல். ஏழு ஊர் என்றால் ஆறு முறை பெட்டி கட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை நாள் போகும். பாரிஸை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் 11 இரவுகளுக்கு மூன்று இடங்கள் போதும். சூரிக்கில் இறங்கி நேராக லூசெர்ன் அல்லது இன்டர்லாக்கன், அங்கே 5 இரவு. அடுத்து இன்ஸ்ப்ரூக்கில் 3 இரவு; சூரிக்கிலிருந்து ஆர்ல்பெர்க் வழியாக நேரடி ரயில் மூன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். அந்தப் பாதையே ஒரு காட்சிதான். கடைசி 3 இரவு மியூனிக்கில் தங்கி, அங்கிருந்தே விமானம் ஏறுங்கள். இறங்கும் ஊர் ஒன்று, ஏறும் ஊர் வேறொன்று என்று விமான டிக்கெட் எடுத்தால் திரும்பி வரும் ஒரு நாள் மிச்சம். சால்ஸ்பர்க்கில் தங்க வேண்டியதில்லை, மியூனிக்கிலிருந்து ஒரு பகலில் போய் வரலாம். 'பயர்ன் டிக்கெட்' என்ற, ஜெர்மனியின் பவேரிய மாநிலத்து நாள் டிக்கெட் சால்ஸ்பர்க் வரை செல்லும், ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். இரண்டு நிபந்தனைகள்: வேலை நாள்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், வட்டார ரயில்களில் மட்டுமே ஏறலாம். அவசரத்தில் விரைவு ரயிலில் ஏறிவிட்டால் அபராதம்தான்.

இனி மலை விஷயம். குளிர்காலத்தில் சுவிஸ் சமவெளியில் கனமான குளிர் காற்று தேங்கி நிற்கும், அதில் மூடுபனி அடைத்துக்கொள்ளும். சூரிக், பெர்ன், லூசெர்ன் எல்லாம் நாள் முழுக்கச் சாம்பல் நிறமாக இருக்கும். பல நாள்களில் இந்த மூடுபனியின் மேல்மட்டம் 1,000 மீட்டர் உயரத்துக்குள் முடிந்துவிடும். வடகிழக்கிலிருந்து 'பீஸ்' என்ற குளிர் காற்று வீசினால் 1,500 மீட்டர் வரைகூட ஏறும். அதற்கு மேலே போனால் சுள்ளென்று வெயில், காலடியில் வெள்ளைக் கடல். 'நெபெல்மேர்' என்று இதைச் சொல்வார்கள். ஆக, விடுதி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு 'இன்றைக்கு மலை வேண்டாம்' என்று முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

நேர்மாறாகவும் நடக்கும். தெற்கிலிருந்து 'ஃபோன்' என்ற வெதுவெதுப்பான காற்று இறங்கும் நாளில் ஊருக்குள் ஸ்வெட்டரே தேவைப்படாது. மேலே புயல், கேபிள் கார் நிறுத்தம்.

அதனால் ஐந்து நாளில் எது மலை நாள் என்பதைத் திறந்தே வையுங்கள். முதல் நாள் இரவு சுவிஸ் வானிலைத் துறையின் 'மெட்டியோசுவிஸ்' செயலியில் காற்று வேகத்தைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் அந்த மலையின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். எல்லாப் பெரிய மலைகளும் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. உச்சி தெளிவாகத் தெரிந்தால் கைப்பேசியிலேயே டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கிறிஸ்துமஸ் கூட்டம் பயமாக இருந்தால் முதல் நாள் இரவே வாங்குங்கள். ஒரு மாதம் முன்பே வாங்கிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு மேகத்துக்குள் நின்றுவிட்டு வருகிற குடும்பங்கள் எத்தனையோ.

ஒன்றரை வயதுக் குழந்தையும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் 68 வயது அம்மாவும் உடன் வருகிறார்கள். யுங்ஃப்ராவ்யோக், டிட்லிஸ், ரிகி – எந்த மலைக்குப் போகலாம்? – திருச்சி வாசகி

இந்தக் குடும்பத்துக்கு ரிகி. வேறு யோசனையே வேண்டாம்.

யுங்ஃப்ராவ்யோக் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம், 1912-இல் திறந்தது. 2020 டிசம்பரில் 'ஐகர் எக்ஸ்பிரஸ்' கேபிள் கார் வந்த பிறகு கிரின்டெல்வால்ட் டெர்மினலிலிருந்து 15 நிமிடத்தில் ஐகர்கிளெட்ஷர் போய், அங்கே ரயில் மாறினால் அரை மணிக்குள் உச்சி. சௌகரியம்தான், ஆனால் சிக்கலும் இந்த வேகத்தில்தான். 567 மீட்டரில் இருக்கும் இன்டர்லாக்கனில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்ட உடம்பு, இரண்டு மணி நேரத்துக்குள் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்த இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் மருந்து தேடாதீர்கள். அடுத்த ரயிலில் கீழே இறங்குங்கள். சில நூறு மீட்டர் இறங்கினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளை 2,500 மீட்டருக்கு மேல் இப்படி வேகமாக ஏற்ற வேண்டாம் என்பதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை. தலை வலிக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். சளி பிடித்திருந்தால் காது அடைப்பும் சேர்ந்துகொள்ளும். பிரான்சில் ஷமோனியிலிருந்து 20 நிமிடத்தில் 3,777 மீட்டருக்குத் தூக்கிச் செல்லும் எய்குய் டு மிடி கேபிள் காரில் 3 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதே இல்லை. டிட்லிஸின் மேல் நிலையமும் 3,000 மீட்டரைத் தாண்டியது. ஷாருக்கான் – கஜோல் அட்டை உருவத்தோடு படம் எடுக்கத்தான் டிட்லிஸ் என்றால், அம்மாவையும் குழந்தையையும் கீழே எங்கெல்பெர்க்கில் விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் போய் வரலாம்.

ரிகி குல்ம் 1,797 மீட்டர்தான். லூசெர்னில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விட்ஸ்னாவ். அங்கே பல்சக்கர ரயில் காத்திருக்கும். 1871-இல் ஓடத் தொடங்கிய ஐரோப்பாவின் முதல் மலை ரயில் இதுதான். மூடுபனிக்கு மேலே வெயிலில் உட்கார்ந்து ஆல்ப்ஸ் வரிசை முழுவதையும் பார்க்க இந்த உயரம் பெரும்பாலும் போதும். இறங்கும்போது குழந்தைக்குப் பாலோ தண்ணீரோ கொடுத்துக்கொண்டே இருங்கள். விழுங்கினால் காது அடைக்காது.

பெரியவர்கள் மட்டும் யுங்ஃப்ராவ்யோக் போவதாக இருந்தால், அம்மாவின் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லி முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே அவர் பாதி வேகத்தில் நடக்கட்டும், படிக்கட்டு இருந்தாலும் லிஃப்ட்டிலேயே போகட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்க வேண்டாம்.

சுவிஸ் டிராவல் பாஸ் லாபமா, பாதிக் கட்டண அட்டை லாபமா? – சென்னை வாசகர்

தினமும் ஊர் மாறுகிறவர்களுக்குப் பாஸ், ஒரே ஊரில் தங்கி மலை ஏறுகிறவர்களுக்கு அட்டை. டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள்களுக்குக் கிடைக்கிறது. ரயில், பேருந்து, படகு, ஊர்களுக்குள் டிராம், 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அதில் அடக்கம். ரிகிக்கும் தனியாகக் காசு கிடையாது. உயரமான மலைகள்தான் பர்ஸைக் காலி செய்யும். யுங்ஃப்ராவ்யோக்கின் மேல்பகுதிக்குப் பாஸ் தரும் சலுகை 25 சதவீதம்தான். பாதிக் கட்டண அட்டைக்கு அங்கேயும் 50 சதவீதம். ஆகவே எந்தெந்த மலை என்பதை முதலில் எழுதிவைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள்.

16 வயது நிறையாத பிள்ளைகளுக்கு 'சுவிஸ் ஃபேமிலி கார்டு' இலவசம். பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. அது அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால்தான் செல்லும் என்பதையும் கவனியுங்கள். பேரனை மட்டும் அழைத்துக்கொண்டு தாத்தா ரயில் ஏறினால் பேரனுக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டும்.

இன்டர்லாக்கன் ஓஸ்ட்டிலிருந்து மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரே ரயில் ஸ்வைலூட்ஷினன் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கிரின்டெல்வால்டுக்கும் மறு பாதி லாட்டர்புருன்னனுக்கும் போகும். பெட்டியின் பக்கவாட்டில் ஊர்ப் பெயர் ஓடும். அதைப் படித்துவிட்டு ஏறுங்கள். அப்பா ஒரு பெட்டியிலும் அம்மாவும் பிள்ளைகளும் அடுத்ததிலும் ஏறி, ஆளுக்கொரு பள்ளத்தாக்கில் இறங்கிய கதைகள் அங்கே சகஜம். பெரிய ஊர்களுக்கு இடையே ஓடும் இரட்டை மாடி விரைவு ரயில்கள் பலவற்றில் குடும்பப் பெட்டி உண்டு. அதன் மாடியில் சறுக்குமரமே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருந்தால் நடைமேடையில் அந்தப் பெட்டி நிற்கும் எழுத்தைத் தேடி நில்லுங்கள்.

அம்மா புடவை தவிர வேறு உடுத்த மாட்டார். மைனஸ் 10 டிகிரியில் எப்படிச் சமாளிப்பது? – கும்பகோணம் வாசகி

ஊருக்குள் புடவையோடு சமாளிக்கலாம். மலையில் முடியாது. குளிர்கூட இரண்டாம்பட்சம், விஷயம் ஈரம். தரையில் புரளும் புடவையின் கீழ்ப்பகுதி பனியைத் துடைத்துக்கொண்டே வரும். ரயிலுக்குள் ஏறியதும் அந்தப் பனி உருகித் துணி நனையும். வெளியே இறங்கியதும் நனைந்தது உறைந்து தகடுபோல் விறைத்து, கணுக்காலில் உரசும். படியிலும் நகரும் படிக்கட்டிலும் தடுக்கிவிடவும் செய்யும்.

மாற்ற முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள். பருத்தி உள்பாவாடைக்குப் பதில் கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் லெக்கிங்ஸ், அதன் மேல் உட்புறம் பஞ்சு வைத்த பேன்ட். புடவை பருத்தியோ பட்டோ வேண்டாம், செயற்கை இழைப் புடவை கட்டட்டும். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கும்படி ஏற்றிக் கட்டி, முழங்காலுக்குக் கீழ்வரை வரும் கோட் போட்டுக்கொண்டால் போதும். மலை நாளன்று மட்டும் புடவை இல்லாமல் பேன்ட்டும் நீளக் கோட்டுமாக வரச் சம்மதிக்கிறாரா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

மற்றவர்களுக்கு: உடம்பை ஒட்டியது பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காய மறுக்கும். நின்ற உடனே குளிர் எலும்பில் இறங்கும். உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், இந்த மூன்று போதும். ரயிலுக்குள் 20 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும், அப்போது கழற்றவும் வசதி. ஜீன்ஸை நகரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காலுறை ஒன்றே ஒன்று, தடிமனான கம்பளி. 'ரொம்பக் குளிருமே' என்று இரண்டு மாட்டி ஷூவுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் இன்னும் சில்லிடும். ஷூவில் கால் விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு ஐவிரல் கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறைதான் சூடு. ஒரு ஜோடி எப்படியும் தொலையும், கூடுதலாக ஒன்று வைத்திருங்கள்.

வெயில் நாளில் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். புதுப் பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழ்ப்புறத்திலும் பூச மறந்துதான் பலர் கருகி வருகிறார்கள். பிள்ளைகளின் மூக்கு நுனியோ கன்னமோ வெளுத்து மரத்துப்போயிருந்தால் தேய்க்காதீர்கள். உங்கள் வெறும் உள்ளங்கையை அப்படியே வைத்துச் சூடேற்றி, உள்ளே அழைத்துப்போங்கள்.

குக்கரும் அரிசியும் எடுத்துப்போய் அடுக்ககத்தில் சமைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். சைவம். – மதுரை வாசகி

நல்ல முடிவு. குக்கரை எடுத்துவைக்கும் முன் அதன் அடியில் ஃபிரிட்ஜ் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் எடுத்துப்போங்கள், விழுந்தால் வீட்டிலேயே வையுங்கள். விடுமுறை அடுக்ககங்களில் இப்போது இன்டக்ஷன் அடுப்பு நிறைய. நம் அலுமினியக் குக்கரை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. இன்டக்ஷன் அடியுள்ள 3 லிட்டர் ஸ்டீல் குக்கர் ஐந்து பேருக்குப் போதும், கூடவே ஒரு உபரி கேஸ்கெட்.

செர்மாட், முர்ரன் போன்ற ஊர்கள் 1,600 மீட்டரில் இருக்கின்றன. அங்கே தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாததுபோல் இழுக்கும். குக்கரில் ஒன்றிரண்டு விசில் கூட்டினால் சரியாகிவிடும். தாளிக்கும்போது புகை கண்டறியும் கருவி அலறாமல் இருக்க, எண்ணெயை அதிகம் காய விடாமல் கடுகு போட்டு, மேலே உள்ள புகை உறிஞ்சியையும் ஓட விடுங்கள்.

எடுத்துப்போகக் கூடாதவை: இந்தியாவிலிருந்து நெய், பனீர், பால்கோவா, இறைச்சி எதுவும் சுவிட்சர்லாந்துக்குள்ளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் கொண்டுவர அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பழம் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியான் ஐந்துக்கு மட்டும் விலக்கு. பருப்புப் பொடி, சாம்பார் பொடி, எண்ணெய் ஊற்றிய ஊறுகாய் தாராளமாகப் போகும். பாஸ்மதி, தயிர் எல்லாம் மீக்ரோஸ், கோப் கடைகளில் கிடைக்கும். 'ரோட்டே லின்சன்' என்று எழுதியிருப்பது நம் மைசூர்ப் பருப்பு. கறிவேப்பிலைக்கு சூரிக், பெர்ன், லூசெர்னில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. பெர்ன் ஐரோப்பாப்ளாட்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டி, 2014 டிசம்பரில் திறந்த 'சமயங்களின் இல்லம்' கட்டடத்துக்குள் சைவக் கோயிலும் உண்டு. மழை நாளில் அம்மாவை அழைத்துப்போக நல்ல இடம்.

வெளியே சாப்பிடும்போது: உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபாண்ட்யூவில் வெள்ளை ஒயினும் 'கிர்ஷ்' என்ற செர்ரிச் சாராயமும் சேர்ப்பது மரபு. கொதித்தாலும் மணம் போகாது. மது வேண்டாம் என்றால் சீஸை உருக்கி உருளைக்கிழங்கோடு தரும் ராக்லெட் கேளுங்கள். கிருயேர், எமென்டால் போன்ற பாரம்பரியச் சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற உறைபொருளை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரூஷ்டி என்ற உருளைக்கிழங்கு அடையில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கலாம். 'ஓனே ஷ்பெக்' என்றால் அது இல்லாமல் தருவார்கள். சூரிக்கில் ஒரு வேளையாவது 1898 முதல் நடக்கும் ஹில்டல் சைவ உணவகத்துக்குப் போய்வாருங்கள்.

9, 12 வயதுப் பிள்ளைகள் ஸ்கீ பழக ஆசைப்படுகிறார்கள். இரண்டு நாள்தான் இருக்கிறது. – கோவை வாசகர்

இரண்டு நாளில் ஸ்கீ வராது, நிற்கவும் விழவும் எழவும் வரும். நான்கைந்து நாள் குழு வகுப்பில் சேர்ந்தால்தான் எளிய நீலச் சரிவில் தாமாக இறங்குவார்கள். ஒரு நாளை ஸ்கீக்குக் கொடுத்து, இன்னொரு நாளை ஸ்லெட்ஜ் என்ற பனிச்சறுக்கு வண்டிக்குக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கப்போவது ஸ்லெட்ஜ்தான்.

ஸ்கீ வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, ஷூ அளவு கேட்பார்கள். எடையை வெட்கப்பட்டுக் குறைத்தோ, பிள்ளை வளர்ந்திருப்பான் என்று குத்துமதிப்பாகக் கூட்டியோ சொல்லாதீர்கள். விழும்போது ஷூ ஸ்கீயிலிருந்து தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். அந்தப் பிடிப்பின் இறுக்கத்தை இந்த எண்களை வைத்துத்தான் திருகுகிறார்கள். எடை கூடச் சொன்னால் பிடி கழலாது, முழங்கால் திருகிக்கொள்ளும். குறைத்துச் சொன்னால் நடுவழியில் காரணமில்லாமல் கழன்றுவிடும். ஸ்கீ பூட்ஸுக்குள் ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை. பேன்ட்டின் விளிம்பைப் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது.

ஸ்லெட்ஜுக்குக் கிராபுண்டன் மாநிலத்தில் ப்ரெடா – பெர்குன் பாதை ஒன்றே போதும். குளிர்காலத்தில் மூடிவிடும் ஆல்புலா கணவாய்ச் சாலையில் 6 கிலோமீட்டர் சறுக்கி இறங்கி, திரும்ப மேலே போக ரயில் ஏறலாம். பாதை திறந்திருக்கிறதா என்று காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த நிலையில், கால் முன்னால். திரும்ப வேண்டிய பக்கத்துக் காலை லேசாகத் தரையில் அழுத்தி, அதே பக்கம் உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும். நிறுத்த வேண்டுமானால் இரண்டு பாதங்களையும் முழுதாகப் பதித்து, வண்டியின் முன்பக்கத்தைக் கயிற்றால் தூக்க வேண்டும். குதிகாலை மட்டும் குத்தினால் பனி முகத்தில் அடிக்கும், வண்டி நிற்காது. தலைக்கவசம் கட்டாயம் வேண்டும். தலை முன்னால் வைத்துக் குப்புறப் படுத்துப் போக விடாதீர்கள்.

பனிச்சரிவு எச்சரிக்கை 1 முதல் 5 வரை எண்ணில் இருக்கும். குறியிட்ட பாதையை விட்டு விலகாத குடும்பத்துக்கு அந்த எண் பெரிய கவலை இல்லை. ஆனால் கயிறு கட்டி மூடியிருந்தால் கயிறு கயிறுதான். 'ஒரு போட்டோவுக்கு' என்று தாண்டக் கூடாது. விசாவுக்காக எடுக்கும் மலிவுக் காப்பீட்டில் பனி விளையாட்டும் ஹெலிகாப்டர் மீட்பும் பெரும்பாலும் இராது. அவற்றைச் சேர்த்து எடுங்கள். சுவிட்சர்லாந்தில் மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140, எங்கும் 112.

காரில் போனால் சுதந்திரமாக இருக்குமே? – சேலம் வாசகர்

பனியில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ரயில் போகாத ஊர் அங்கே குறைவு. செர்மாட்டுக்குள் காருக்கு அனுமதியே இல்லை, பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில்தான் போக வேண்டும்.

எடுத்தே தீருவேன் என்றால்: டயரில் மூன்று முகட்டு மலைக்குள் பனித்துகள் போட்ட முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச் சாலையில் குளிர்கால டயர் கட்டாயம், தடத்தின் ஆழமும் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஃபுர்கா, கிரிம்செல், சூஸ்டன் கணவாய்கள் வசந்தம் முடியும்வரை மூடிக்கிடக்கும். கோடையில் இரண்டு மணி நேரமாகும் வழி குளிர்காலத்தில் பாதி நாள் சுற்றாகலாம். சில இடங்களில் காரோடு ரயிலில் ஏறிச் சுரங்கத்தைக் கடக்கலாம்: காண்டர்ஸ்டெக் – கோப்பன்ஸ்டைன் 15 நிமிடம்.

பனியில் வழுக்காமலிருக்க மாட்டும் சங்கிலியை எஞ்சின் சுழற்றும் சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும், பெரும்பாலான வாடகைக் கார்களில் அவை முன் சக்கரங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு முறை மாட்டிப் பழகிவிட்டு மலை ஏறுங்கள். கண்ணாடி கழுவும் தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றினால் இரவில் உறைந்து குழாய் வெடிக்கும்.

பெர்னினா எக்ஸ்பிரஸ் சுற்றுலா ரயிலில் இடம் கிடைக்கவில்லை. வேறு வழி? – புதுச்சேரி வாசகர்

கிடைக்காததும் நல்லதுக்குத்தான். அதே தண்டவாளத்தில் சுவிட்சர்லாந்தின் சென்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் டிரானோவுக்குச் சாதாரண ரயில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று போகிறது. முன்பதிவு வேண்டாம், டிராவல் பாஸும் டிரானோ வரை செல்லும். எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடியைத் திறக்க முடியாது, படத்தில் உங்கள் முகமே பிரதிபலிக்கும். சாதாரண ரயிலின் சில பெட்டிகளில் ஜன்னலை இறக்கலாம். தெற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள்.

2,253 மீட்டரில் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தில் லாகோ பியாங்கோ ஏரி உறைந்து பனி மூடிக்கிடக்கும். தெரியாதவர்கள் மைதானம் என்று நினைப்பார்கள். அங்கிருந்து பல்சக்கரமே இல்லாமல் ரயில் 429 மீட்டரில் இருக்கும் டிரானோவுக்கு இறங்கும். மேலே மாட்டிய ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வருவீர்கள். கடைசியில் புரூசியோ வட்டப் பாலத்தில் ரயில் தன் தடத்துக்கே அடியில் புகுந்து வரும்.

டிரானோவிலிருந்து மிலானுக்கு வட்டார ரயில் இரண்டரை மணி நேரம். இத்தாலியக் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

கிறிஸ்துமஸ் சந்தைகளை 26-ஆம் தேதி மியூனிக்கில் பார்க்கலாமா? – வேலூர் வாசகி

முடியாது. மரியன்ப்ளாட்ஸ் சந்தை 24-ஆம் தேதியோடு முடிந்துவிடும், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரச் சந்தை 23-ஆம் தேதியோடு. இன்ஸ்ப்ரூக்கில் மார்க்ட்ப்ளாட்ஸ் சந்தை ஜனவரி 6 வரை நீளும். 24 மதியம் தொடங்கி 25, 26 இரண்டு நாளும் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் கடைகள் மூடியிருக்கும். அடுத்த நாள் ஞாயிறாக வந்தால் அதுவும் போச்சு. பால், ரொட்டி, குழந்தை டயப்பர், மருந்து எல்லாம் 23-ஆம் தேதியே வாங்கிவைத்துவிடுங்கள். அவசரத்துக்குப் பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும். நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையும் டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 நான்கு நாளும் மூடல். சந்தையில் பிள்ளைகளுக்குக் 'கிண்டர்புன்ஷ்' என்ற சூடான பானம் கேளுங்கள், அதில் மது இல்லை. கோப்பைக்கு வாங்கிய முன்பணத்தைக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

விசா எந்த நாட்டில் எடுப்பது? சிம் கார்டு? – நெல்லை வாசகர்

அதிக இரவுகள் தங்கும் நாட்டில். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன் கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. டிசம்பர் பயணத்துக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே கொடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

சிம் வாங்கும்போது சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். சில ஜெர்மன் சிம்களில் இலவச ரோமிங் எல்லையோடு நின்று, பிறகு மெகாபைட்டுக்குப் பணம் ஓடும். சுவிட்சர்லாந்து என்று பெயர் சொல்லி அடங்கிய திட்டமா என்று பாருங்கள். உச்சியில் 60 சதவீதம் சார்ஜ் இருந்த கைப்பேசி திடீரென்று அணைந்துபோனால் பயப்பட வேண்டாம், குளிரில் பேட்டரி அப்படித்தான் செய்யும். உள்சட்டைப் பையில் பத்து நிமிடம் வைத்திருந்தால் மீண்டும் உயிர் வரும்.